உப்பான நதியும் ஊற்றைத் தேடிப் போன தீர்க்கதரிசியும்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 2:19–22, எசேக்கியேல் 34:17–19

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, நம் மருத்துவமனை ஊழியத்தைத் தாங்கிவரும் அருமை நண்பர்களே,

இம்முறை செய்தித்தாளையும் வேதத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு ஒரு பாடம் படிப்போம். வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் வாலிபர் சங்கத்திலும் பயன்படுத்த வசதியாக, இறுதியில் சில கேள்விகளையும் தந்திருக்கிறேன்.

2025-ஆம் ஆண்டில் வந்த மூன்று செய்திகளை முதலில் நினைவுபடுத்துகிறேன்.

முதலாவது, ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறு கெட்டுப்போனதைப் பற்றியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுக்க வேண்டும், அந்தத் தொகையைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், நதியைச் சீர்ப்படுத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இரண்டாவது, மே மாதத்தில் பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில் நடந்தது. ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையில் தொழிலாளர் மூவர் விஷவாயு தாக்கி உயிரிழந்தார்கள்.

மூன்றாவது, ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்க அரசு இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் 50 சதவீத வரி விதித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போகும் குடும்பங்கள் கலங்கின.

ஒன்று சட்டச் செய்தி, ஒன்று விபத்துச் செய்தி, ஒன்று வியாபாரச் செய்தி. செய்தித்தாளில் வெவ்வேறு பக்கங்களில் அச்சானவை. ஆனால் வெள்ளகோவிலிலிருந்து பார்க்கும் எனக்கு மூன்றும் ஒரே செய்தியாகத் தெரிகின்றன. நாம் வேண்டாமென்று தள்ளுகிற கழிவு யார் வாசலில் போய் விழுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி.

1. எரிகோவின் மனிதர் சொன்ன குறை

எலிசா தீர்க்கதரிசியிடம் எரிகோ பட்டணத்தார் வந்து ஒரு குறையைச் சொன்னார்கள். ஊர் அமைந்த இடம் நல்ல இடம். தண்ணீர்தான் கெட்டுக் கிடக்கிறது, அதனால் நிலமும் பலன் கொடுக்கவில்லை என்றார்கள்.

எலிசா என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து நோயுற்றவர்களை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராய்ச் சுகப்படுத்தியிருக்கலாம். வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. புதிய பாத்திரத்தில் உப்பு வாங்கிக்கொண்டு, தண்ணீர் புறப்படுகிற ஊற்றுக்கே நடந்து போனார். அங்கே உப்பைப் போட்டார், தண்ணீர் ஆரோக்கியமானது.

எரிகோவில் கர்த்தர் உப்பைக் கொண்டு தண்ணீரைச் சுகமாக்கினார். நம் நாட்டிலோ மனிதர் உப்பைக் கொண்டு தண்ணீரைக் கெடுத்தார்கள். இந்த வேறுபாட்டை நம் பக்கத்து நதியிலேயே காணலாம்.

2. நொய்யலில் உப்பு வந்த விதம்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர் வழியாக ஓடி, நம் ஊருக்கு வடக்கே முத்தூர்ப் பக்கமாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியோடு சேருகிறது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் இந்த நதியின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-இல் பயனுக்கு வந்தது. ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நிலத்தில் பெரும்பகுதி கரூர்ப் பக்கம்.

அதே ஆண்டுகளில் திருப்பூரின் பனியன் தொழில் வேகமாக வளர்ந்தது. துணிக்குச் சாயம் ஏற்றும் விதம் நம்மில் பலருக்குத் தெரியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி நூலில் சாயம் நன்றாகப் பிடிக்க உப்பு வேண்டும். சாதாரண உப்போ, சோடியம் சல்பேட்டோ சேர்ப்பார்கள். அடர்ந்த நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலும் உப்பு ஆகும். சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. பழைய சுத்திகரிப்பு முறைகளால் கழிவுநீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பெருமளவு நீக்க முடிந்தது. கரைந்த உப்பை நீக்க முடியவில்லை. ஆகவே பார்வைக்குத் தெளிந்த தண்ணீரும் நிலத்தைக் கொல்லும் தண்ணீராகவே இருந்தது. நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறிய காலம் அது.

அந்த நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவின் தொட்டியாயிற்று. அதிலிருந்து கசிந்த நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. சோடியம் ஏறிய மண் இறுகிப்போகும். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. தென்னையின் ஓலை நுனி கருகும். அணை தங்களுக்கு வாழ்வு தரும் என்று காத்திருந்த விவசாயிகளே, சில ஆண்டுகளில் அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது.

ஆற்றோர கிராமத்திலிருந்து வந்து நம் வார்டில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: “ஆத்துல தண்ணி வந்தா ஊரே போய் நின்னு பார்க்குமுங்கய்யா. அப்புறம் தண்ணி வந்தா மாட்டைப் புடிச்சுக் கட்டிப்போட்டு, கதவைச் சாத்திக்கிட்டோமுங்க.” காங்கயம் மாடு வளர்த்த கை அவருடையது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

படுக்கையில் கிடக்கும் ஒவ்வொருவரின் நோயையும் நதியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் எளிய கணக்கு ஒன்றை எல்லாரும் போடலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். லிட்டருக்கு 2 கிராம் சாதாரண உப்பு கரைந்த தண்ணீரை ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 4 கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்கும், உணவையும் சேர்த்து, 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்புள்ளவரிடம் உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். அவர் வீட்டுக் கிணறோ அவருக்கு உப்பைக் கொடுக்கிறது. அதைத் தவிர்க்க, கூலிக்குப் போகும் குடும்பம் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறது. மேலே துணிக்குச் சாயம் ஏற்றியவர் கட்டாத தொகையைக் கீழே இருப்பவர் கட்டுகிறார்.

3. நீதிமன்றம் கற்றுக்கொடுத்த பாடம்

கெடுத்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், பாலாற்று வழக்கிலேயே, இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. அந்த நெறியைப் பிடித்துக்கொண்டு நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசு முதல் 10 காசு வரை அபராதம் கட்டும்படி தீர்ப்பாயிற்று. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை மூன்று மாதத்துக்குள் அடையும்படி கெடு வைத்தது. அது நிறைவேறாமற்போகவே, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

அந்த நாட்களில் பலருடைய அடுப்பு அணைந்தது. அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. வேலையிழந்தவர்கள் நதியைக் கெடுக்கத் தீர்மானித்தவர்கள் அல்லர், மாதக் கூலிக்காரர்கள். சாய வேலை வேறு மாவட்டங்களுக்கு நகர்ந்தது; அங்கே அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன என்ற செய்திகளும் வந்தன. நோயைச் சுகப்படுத்தாமல் இடம் மாற்றினால் அது அடுத்த ஊரின் நோயாகும் என்பது அப்போது தெரிந்தது.

ஆனாலும் அந்த அடிக்குப் பிறகே தொழில் ஊற்றுக்குப் போயிற்று. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை பரவியது. இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டிய முன்னோடித் தொழில் நகரம் திருப்பூர் என்று இன்று நாம் பெருமையோடு சொல்லலாம். தொழிலதிபர்கள் செய்த செலவையும் முயற்சியையும் பாராட்டாமல் இந்தப் பாடத்தை எழுதுவது நேர்மையாகாது.

இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தங்குகிறது. பெருமழை பெய்த பிறகு நொய்யலில் நுரை பொங்கி ஓடுகிற படம் இன்றும் பத்திரிகையில் வருகிறது. மழையின் மறைவில் எவரோ எதையோ திறந்துவிடுகிறார்கள் என்று கரையோர மக்கள் குமுறுகிறார்கள்.

எசேக்கியேல் தீர்க்கதரிசி இதைத்தான் மந்தையின் உவமையில் சொல்கிறார். முதலில் வந்த பலத்த ஆடுகள் தெளிந்த நீரைக் குடிப்பதோடு நிற்பதில்லை. பிறகு வருகிற ஆடுகளுக்குக் கலங்கல் நீர் மட்டுமே மிஞ்சும்படி செய்துவிடுகின்றன. தேவன் அங்கே கணக்குக் கேட்பது ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையில். தண்ணீர் குடித்தது குற்றமல்ல. பின்னால் வருகிறவனை மறந்ததே குற்றம்.

4. குழியில் இறக்கப்பட்ட மனிதன்

இனி கரைப்புதூர்ச் செய்திக்கு வருவோம். ஆற்றுக்குப் போகாமல் தொட்டியில் தேங்கும் கழிவுக்கும் ஒரு அயலான் இருக்கிறான். அதைச் சுத்தம் செய்ய இறக்கப்படும் மனிதனே அவன்.

மூடிக் கிடக்கும் கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் தங்கும், உயிர்க்காற்று குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும் என்று பலர் அறிவார்கள். ஆனால் அது மிகுதியாக இருந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் சில மூச்சுகளில் மயங்கி விழுவார். மேலே நிற்பவர், தம்பி விழுந்துவிட்டானே என்று பதறி இறங்குவார். பிறகு மூன்றாமவர். பல இடங்களில் ஒருவர் சாகவேண்டிய இடத்தில் மூவர் நால்வர் சாவது இப்படித்தான். அன்பினால் இறங்கியவரும் பிணமாக வருகிறார்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் எவரையும் இப்படி இறக்குவதைத் தடைசெய்கிறது. இத்தகைய மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. ஆனால் இழப்பீடு மரணத்துக்குப் பிறகு வருவது. இயந்திரம் வைத்த வண்டிக்குக் கொடுக்கும் வாடகையோ உயிருக்கு முன்பே கொடுப்பது. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். திருச்சபை அதைத் தெரியாததுபோல் இருக்கக் கூடாது.

5. விலை குறையும் காலத்தின் சோதனை

வரிச் செய்தி ஏன் இந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வியாபாரி ஒரு சட்டைக்கு விலையைக் குறைத்துக் கேட்கும்போது, கம்பெனி நடத்துகிறவர் எதைக் குறைப்பது என்று பார்க்கிறார். நூல் விலையைக் குறைக்க முடியாது. மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. சத்தம் போடாத செலவு இரண்டு உண்டு: தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவு, தொழிலாளியின் பாதுகாப்புச் செலவு. அவற்றைக் குறைத்தால் அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த வரி பிறகு எவ்வாறு மாறினாலும் இந்தச் சோதனை திரும்பத் திரும்ப வரும். நல்ல காலத்தில் சுத்திகரிப்பது எளிது. நெருக்கடியில்தான் மனசாட்சி தெரியும். கஷ்டத்தில் இருக்கும் சிறு பட்டறைக்காரரைத் திட்டுவது என் எண்ணமல்ல. வாங்குகிறவர், விற்கிறவர், அரசு மூவரும் சேர்ந்து, சுத்தத்தின் செலவையும் சட்டையின் விலையில் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதைச் சேர்க்காத மலிவுச் சட்டை மலிவானதல்ல. மீதிக் காசை முத்தூர்ப் பக்கத்து விவசாயி கட்டியிருக்கிறார்.

6. காணிக்கையும் ஊற்றும்

பிரியமானவர்களே, மருத்துவமனைக்கு உதவுகிற உங்களிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனால் உங்கள் போதகர் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

உங்கள் காணிக்கையால் ஏழைகள் பலர் மருந்தும் படுக்கையும் பெறுகிறார்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் கீழ்ப்புறத்தாரின் தண்ணீரைக் கெடுத்து மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கு நம் காணிக்கைப் பெட்டிக்கு வருமானால், அது அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்காது. கிணற்றில் உப்பைச் சேர்த்துவிட்டு இரத்தக் கொதிப்பு மாத்திரைக்குப் பணம் கொடுப்பதுபோல் ஆகும். மருத்துவமனைக்குக் கொடுக்கும் ரசீது மனசாட்சிக்குக் கொடுத்த ரசீதாகிவிடக் கூடாது. அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் நண்பர் எவரேனும் இதைப் படித்தால், அன்போடு சொல்கிறேன்: அந்தத் தொகையை முதலில் உங்கள் சுத்திகரிப்புத் தொட்டிக்குச் செலவிடுங்கள். அதுவும் இந்த மருத்துவமனைக்குச் செய்த ஊழியமே. எங்கள் வார்டில் ஒரு படுக்கை காலியாகும்.

எலிசா நோயாளியிடம் போகாமல் ஊற்றுக்குப் போனது நோயாளிமேல் அன்பில்லாததால் அல்ல. அன்பு இருந்ததனாலேயே அவ்வளவு தூரம் போனார்.

7. நாம் செய்யக்கூடியவை

அ. தொழில் நடத்துகிறவர்கள்: நீங்கள் சாயத்துக்குத் துணி கொடுக்கும் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறதே என்று அனுமதியில்லாத இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஆ. தொழிலாளர்கள்: கழிவுத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்ளே எவராவது விழுந்தால் பின்னால் இறங்காதீர்கள். உடனே 112-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

இ. கிராமத்துச் சபைகள்: கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த எண்ணைச் சபைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பத்து வருஷத்து எண்கள் கையில் இருந்தால் எந்த அதிகாரியிடமும் பேசலாம். நொய்யல் விவசாயிகள் வென்றது கோபத்தால் மட்டுமல்ல. கையில் சான்று வைத்திருந்ததாலும்தான்.

ஈ. நம் மருத்துவமனையும் சபையும்: 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் கழிவை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்வது ஆராதனையைப் போலவே பரிசுத்தமான வேலை என்று ஊழியருக்குச் சொல்லிவருகிறேன். 2019 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் கப்புகள் அசன விருந்துகளில் இன்னும் தென்படுகின்றன. பட்டறைக்காரரைக் கேட்பதற்கு முன் நம் வாசலையும் கூட்டுவோம்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. எலிசா ஊற்றுக்குப் போனதற்கும் வீடு வீடாகப் போவதற்கும் என்ன வேறுபாடு? நம் சபையின் உதவிப் பணிகளில் எவை ஊற்றைத் தொடுகின்றன?

2. எசேக்கியேல் சொல்லும் மந்தையில் நீங்கள் சில இடங்களில் முதலில் குடிக்கும் ஆடாகவும், சில இடங்களில் பின்னால் வரும் ஆடாகவும் இருக்கிறீர்கள். எங்கே, எப்படி?

3. 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டபோது தொழிலாளரும் விவசாயியும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தப்பட்டார்கள். இருவரும் உங்கள் சபையில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசியிருப்பீர்கள்?

4. நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது? அதன் கடைசியில் இருக்கும் மனிதரின் பெயர் நமக்குத் தெரியுமா?

ஜெபக் குறிப்புகள்: நொய்யல், பாலாற்றுக் கரை மக்களுக்காக, கரைப்புதூரில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்காக, ஆர்டர் குறைந்த நாட்களிலும் நேர்மையாய்த் தொழில் நடத்தப் போராடுகிறவர்களுக்காக, நீர், மண் காக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்காக.

தண்ணீரைச் சிருஷ்டித்த தேவன் உங்களையும், உங்கள் கைகளின் தொழிலையும், உங்களுக்குக் கீழே நீர் மொள்ளுகிற ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில் உங்கள் சகோதரன்,
மருத்துவமனைப் போதகர்,
வெள்ளகோவில்.